நீராவி எட்டாத அறை

லண்டனில் 1814 நவம்பர் 29 அன்று வெளியான ‘தி டைம்ஸ்’ நாளிதழ், நீராவி எந்திரத்தில் அச்சான முதல் செய்தித்தாள் என்று வரலாற்றில் இடம்பெற்றது. ஜெர்மானியர்களான பிரெடரிக் கோனிக், ஆந்திரயாஸ் பௌவர் இருவரும் உருவாக்கிய அவ்வெந்திரம் மணிக்கு ஏறத்தாழ 1,100 தாள்களை அச்சிட்டது. கைஅச்சிலோ, ஒருவர் தோலுருண்டையால் எழுத்துகளின் மேல் மை ஒற்ற, மற்றவர் தாளை வைத்துக் கைப்பிடியை இழுக்க, இருவர் சேர்ந்து உழைத்தும் 250 தாள்களைத் தாண்டுவது அரிது. பிழைப்புக்கு அஞ்சிய தொழிலாளர் எந்திரத்தை உடைத்துவிடக்கூடும் என்பதால், உரிமையாளர் ஜான் வால்டர் அதை மறைவாக நிறுவி, ஐரோப்பியச் செய்தி வரவேண்டியிருக்கிறது என்று சொல்லி அன்றிரவு அவர்களைக் காத்திருக்க வைத்துவிட்டு, விடியற்காலையில் அச்சான தாளோடு வந்து உண்மையைச் சொன்னார். வேறு வேலை கிடைக்கும்வரை கூலி தருவதாக வாக்களித்தவர், கலகம் செய்தால் அடக்க ஆள்பலம் இருப்பதாகவும் எச்சரித்தார்.

ஆயினும், எந்திரம் வந்ததால் கைத்தொழிலாளர் ஒழிந்தனர் என்று பொதுப்படக் கூறுவது பிழையாகும். அச்சுக்கோக்கும் அறையை, அதாவது ஈய எழுத்துகளைச் சொல்லாகவும் வரியாகவும் அடுக்கும் இடத்தை, நீராவி தொடவேயில்லை. அங்கு அச்சுக்கோப்பவர், சிறு அறைகளாகத் தடுக்கப்பட்ட கேஸின் முன் நின்று, ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி இடக்கையிலுள்ள ‘ஸ்டிக்’ என்ற சிறு தட்டில் தலைகீழாக அடுக்குவார். அச்சிட்டு முடிந்ததும் அவற்றைப் பிரித்து அதனதன் அறையிலேயே மீண்டும் போடவேண்டும். அச்சு வேகம் கூடி, தாளும் எந்திரத்தால் மலிந்து, படிப்போர் பெருகியபோது, இந்த அறைக்கு முன்னிலும் அதிகமான கைகள் தேவைப்பட்டன.

அந்தக் கைகள் யாருடையவை என்பதில்தான் சச்சரவு எழுந்தது. அச்சான தாள்களை மடிப்பதும் தைப்பதுமான பைண்டிங் வேலையைக் குறைந்த கூலிக்குப் பெண்கள் செய்வதை எவரும் ஆட்சேபிக்கவில்லை. ஆனால், 1860இல் எமிலி பெய்த்ஃபுல் பெண்களுக்கு அச்சுக்கோக்கப் பயிற்சியளித்து லண்டனில் விக்டோரியா அச்சகத்தைத் தொடங்கியதும், கூலி சரிந்துவிடும் என்று ஆண் தொழிலாளர் கடுமையாக எதிர்த்தனர்.

அச்சுக்கோக்கும் அறையின் காவல் தளர, 1886இல் ‘நியூயார்க் ட்ரிப்யூன்’ நாளிதழ் ஓட்மர் மெர்கந்தாலரின் லைனோடைப்பைப் பயன்படுத்தும்வரை காலம் பிடித்தது. விசைகளை அழுத்த அழுத்த எழுத்து அச்சுகள் வரிசையாக இறங்கி, உருகிய உலோகம் பாய்ந்து, ஒரு முழு வரி ஒரே கட்டியாக வார்ந்து விழும் எந்திரம் அது. அமெரிக்க அச்சுக்கோப்போர் சங்கம் 1814இன் பாடத்தை மறக்கவில்லை போலும். எந்திரத்தைத் தடுக்க முனையாமல், பயிற்சிபெற்ற அச்சுக்கோப்பவரையே அதில் அமர்த்தவேண்டும் என்ற நிபந்தனையை வலியுறுத்தி, ஸ்டிக்கைக் கீழே வைத்தவர்களில் பலரை அதே அச்சகத்தின் விசைப்பலகை முன் உட்காரவைத்தது.