"குளிசையை விட்டுப் பார்ப்பமா, சேர்?"



என்னிடம் படித்த ஒரு தம்பிக்கு அவரது ராத்தா சிறுநீரகம் கொடுத்து ஒரு வருடமாகிறது. போன கிழமை கண்டபோது, "இப்ப நல்ல சுகம் சேர். குளிசையை விட்டுப் பார்ப்பமா?" என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. அவருக்குச் சொன்னதை இங்கே எல்லோருக்கும் எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தீக்காயம்பட்ட ஒரு பெண்ணுக்கு அவரது சகோதரனின் தோலை ஒட்டினார்கள். முதலில் பிடித்தது, பிறகு அழிந்தது. அதே சகோதரனின் தோலை இரண்டாம் முறை வைத்தபோது இன்னும் விரைவாக அழிந்தது. கூடப்பிறந்தவரானாலும் உடல் அவரை அந்நியராகவே பார்க்கிறது, நினைவில் வைத்துத் தாக்குகிறது என்பதை 1943 இல் கிப்சனும் மெடவரும் எழுதினார்கள்.

1953 இல் மெடவரும் நண்பர்களும் பிறக்காத சுண்டெலிக் குஞ்சுகளுக்கு வேறு சுண்டெலியின் கலங்களை ஏற்றினார்கள். வளர்ந்த பின் அவற்றிற் பல, அந்த இனத்தின் தோலை ஏற்றுக்கொண்டன. இதுதான் நிர்ப்பீடனச் சகிப்பு. 1960 இல் மெடவருக்கும் பேர்னற்றுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1954 இல் போஸ்டனில் ஜோசப் மரே செய்த சிறுநீரக மாற்று வெற்றி பெற்றது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒத்த இரட்டையர்கள் என்பதே காரணம். மற்றவர்களுக்கு மருந்துதான் வழி. 1980களில் வந்த சைக்ளோஸ்போரின் நிலைமையை மாற்றியது. நமது நாட்டிலும் அந்தப் பத்தாண்டில்தான் சிறுநீரக மாற்று தொடங்கியது. பேராசிரியர் ரெஸ்வி ஷெரீப் அதன் முன்னோடிகளில் ஒருவர். 1987 இல் மனித இழைய மாற்றுக்கென 48 ஆம் இலக்கச் சட்டமும் வந்தது.

ஆனால் இந்த மருந்துகள் உடலுக்குச் சகிப்பைக் கற்றுக்கொடுப்பதில்லை. அதன் தாக்குதலை அடக்கி வைக்கின்றன, அவ்வளவுதான். குளிசையை விட்டால் தாக்குதல் திரும்பத் தொடங்கும். ஆரம்பத்தில் நோவும் இருக்காது, காய்ச்சலும் இருக்காது. இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறும்போதுதான் தெரியவரும்.

மருந்தில்லாமல் வாழ முடியாதா? அதற்கான முயற்சி நடக்கிறது. அகமதாபாத்தில் டொக்டர் திரிவேதி, சிறுநீரகம் கொடுப்பவரின் என்பு மச்சைக் கலங்களையும் நோயாளிக்கு ஏற்றிப் பார்த்தார். இதே வழியில் போஸ்டனில் ஐந்து பேருக்குச் சிகிச்சை செய்து, நால்வர் மருந்தை நிறுத்தியதாக 2008 இல் அறிவித்தார்கள். அது வைத்தியர்களின் கடும் கண்காணிப்பில் நடந்தது. வீட்டில் நாமாக நிறுத்துவதும் அதுவும் ஒன்றல்ல.

ராத்தா தன் உடம்பிலிருந்து கொடுத்த அமானிதம் அது. குளிசையால் உபாதை இருந்தால், வாங்கப் பணமில்லாவிட்டால், கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள். நாமாக நிறுத்த வேண்டாம்.

தம்பி அன்றிரவே குளிசை போட்டதாகச் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ்.