கு.ப.ரா.வின் காலமும் சர்க்கரையின் கணக்கும்

கும்பகோணத்தில் 1902-இல் பிறந்த கு.ப. ராஜகோபாலன், 1944 ஏப்ரலில் அதே ஊரில் கால் அழுகல் நோயால் மறைந்தார். வயது 42. முப்பதுகளிலேயே கண்புரை அவர் பார்வையை மறைத்து, அரசு வேலையைப் பறித்திருந்தது. கட்டுப்படாத நீரிழிவு நெடுநாளில் விட்டுச்செல்லும் தடங்களும் இவை போன்றவையே. இவற்றைக் கொண்டு அவருக்கு அந்நோயின் பெயரைச் சூட்ட நாம் முற்படவில்லை. அக்காலத்து நீரிழிவாளரின் நிலையை மட்டும் எண்ணிப் பார்ப்போம்.

1922-லேயே டொராண்டோவில் இன்சுலின் மனிதருக்குச் செலுத்தப்பட்டுவிட்டது. மருந்து இருந்தது, அளவுகோல்தான் போதவில்லை. பெனடிக்ட் கரைசலில் சிறுநீரைச் சேர்த்துச் சுடவைத்து, நீலம் பச்சையாகிறதா, செங்கல் நிறமாகிறதா என்று பார்ப்பதே வழக்கமான சோதனை. அது அந்தப் பொழுதைச் சொல்லும். கழிந்த மாதங்களைச் சொல்லாது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கியது 1948-இல். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண்ணும் நரம்பும் சிறுநீரகமும் பெரிதும் காக்கப்படும் என்று ஐயமற நிறுவிய அமெரிக்க ஆய்வு வெளியானது 1993-இல்.

இன்று மூன்று மாதச் சராசரியையே ஒரு சொட்டுக் குருதி சொல்லிவிடுகிறது. ஆயினும், வலிக்கவில்லையே என்று காலை மறந்திருப்போர் நம்மிடையே உளர். மரத்த காலுக்கு வலி தூது வராது. நாள்தோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்வதே முதற்காவல்.