தரையில் பதித்த திரிகைகள்

ஈசூனில் நண்பர் ஒருவரின் வீவக வீடு. சனிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். அடுப்படியில் பெரிய எவர்சில்வர் பானை, அதன் அடியில் ஒரு குழாய், குழாய்க்குக் கீழே வாளி. வாளியில் ஒன்றும் விழவில்லை. நண்பர் குழாயைத் திறந்தார், மூடினார், பானையை இரண்டு கையாலும் பிடித்து லேசாக ஆட்டினார், கடைசியில் கரண்டிக் காம்பை உள்ளே விட்டுக் குத்தினார். நாலு சொட்டு வந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

"என்னண்ணே, களி கிண்டி வெச்சிருக்கீங்க?"

"மிக்சில போட்டது தப்பாப் போச்சுப்பா."

பியர் காய்ச்சுவதற்காக ஐந்து கிலோ மால்ட் வாங்கியிருந்தார். உடைக்காத முழுத் தானியம். தோசைக்கு மாவாட்டும் வீட்டில் இதற்கென்று தனி மெஷின் எதற்கு என்று மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அரைத்துவிட்டார். அது மைதா போல ஆகிவிட்டது. வெந்நீரில் கொட்டியதும் இறுகிப் பிடித்துக்கொண்டது. அன்று மதியம் மொத்தத்தையும் குப்பைப் பையில் கட்டிக் கீழே கொண்டுபோய்ப் போட்டோம்.

ஜொகூர் திரும்பியதும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். பியர் என்றதும் முகத்தைச் சுளித்தவர், கதையைக் கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஒடைக்கச் சொன்னாங்களா, அரைக்கச் சொன்னாங்களா?"

விஷயமே அதுதான். தமிழில் குத்துவது வேறு, இடிப்பது வேறு, உடைப்பது வேறு, திரிப்பது வேறு, அரைப்பது வேறு. நெல்லைக் குத்துவோம், மிளகாயை இடிப்போம், உளுந்தை ஏந்திரத்தில் உடைப்போம், மாவுக்குத் திரிப்போம், சட்னிக்கு அரைப்போம். எந்தத் தானியத்துக்கு எந்த வினைச்சொல் என்பதை நம் வீட்டுப் பெண்கள் குழப்பிக்கொண்டதே இல்லை. மால்ட் என்பது முளைகட்டி, உலைச்சூட்டில் காயவைத்த பார்லி. நம்மவர்கள் கேழ்வரகை முளைகட்டிக் காயவைப்பதும் அதே வித்தைதான். அதை உடைக்க வேண்டுமே தவிர அரைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பருப்பு ரவை போல நொறுங்க வேண்டும், மேலே இருக்கும் உமி கிழியாமல் முழுசாக நிற்க வேண்டும். ஏறத்தாழ 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறும்போது தானியத்தின் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அப்போது உமி அடியில் படுகையாகப் படிந்து, சாறு வடிய வழி விடும். அந்த வேலையில் வடிகட்டியே உமிதான். அதைத்தான் மிக்சியின் கத்தி தூளாக்கிவிட்டது.

"எந்த மெஷின் வாங்கலாம்னு பாத்துச் சொல்லு. நீதான் படிக்கிறவனாச்சே," என்றார் நண்பர். விலை பார்க்கத்தான் உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க பதினான்காம் நூற்றாண்டு இங்கிலாந்தில் போய் நின்றேன்.

லண்டனுக்கு வடக்கே 30 கிலோமீட்டர் சொச்சத்தில் செயின்ட் ஆல்பன்ஸ் என்று ஓர் ஊர். ஊருக்கு நடுவில் பெரிய மடம். ஊர் நிலமும் ஊர்ச் சந்தையும் மடத்துடையவை, ஊர் ஆலைகளும் அப்படியே. ஊர்க்காரர்கள் தங்கள் தானியத்தை மடத்து ஆலைக்குத்தான் கொண்டுவர வேண்டும், அரைவைக் கூலியாக ஒரு பங்கை அங்கேயே விட்டுப் போக வேண்டும் என்பது மடாதிபதிகளின் உரிமை. அன்றைய ஐரோப்பாவில் இது புதிதல்ல. தண்ணீரில் சுற்றும் ஆலை கட்டப் பெரும் பணம் வேண்டும், அதைப் போட்டவர் பிரபுவோ மடமோ. போட்ட பணம் திரும்ப வேண்டுமென்றால் வீட்டில் யாரும் திரிகை வைத்திருக்கக் கூடாது. தண்ணீர் ஆலை பரவியது அது வசதியானது என்பதால் மட்டுமல்ல, கைத்திரிகையைச் சட்டம் போட்டுத் துரத்தியதாலும்தான் என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் பிளாக் 1935-இல் எழுதினார். அவர் எடுத்துக்காட்டிய ஊர்களில் செயின்ட் ஆல்பன்ஸும் ஒன்று.

அன்றைக்கு வீட்டில் திரிகை எதற்கு? ரொட்டி மாவுக்கு என்று உடனே தோன்றும். பியருக்கும்தான். ஏல் என்ற அந்தக் கால பியர் விருந்துப் பானமல்ல, அன்றாட உணவு. பெரும்பாலும் பெண்கள்தான் வீட்டில் காய்ச்சினார்கள். ஹாப்ஸ் சேர்க்காததால் சில நாளில் புளித்துவிடும், ஆகவே அடிக்கடி காய்ச்ச வேண்டும், அடிக்கடி மால்ட் உடைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மடத்து ஆலைக்கு நடந்து, வரிசையில் நின்று, பங்கு கொடுத்துவிட்டு வருவதைவிட வீட்டு மூலையில் இரண்டு கல் வைத்துச் சுற்றிவிடலாம். சுற்றினார்கள். மடம் வழக்குப் போட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தொடங்கிய சண்டை தலைமுறை தலைமுறையாக நீண்டது. 1327-இல், நாட்டில் அரசரே கவிழ்ந்த குழப்பத்தில், ஊர்க்காரர்கள் மடத்தை முற்றுகையிட்டு உரிமைச் சாசனம் வாங்கினார்கள்.

அதே ஆண்டு புது மடாதிபதி வந்தார். வாலிங்ஃபோர்ட் ரிச்சர்ட், கருமான் மகன். கணிதமும் வானவியலும் கற்றவர். மடத்தில் அவர் உருவாக்கிய வானியல் கடிகாரம் அக்காலத்தின் அதிசயங்களில் ஒன்று. பல்சக்கரத்தின் நுணுக்கம் அவர் அளவுக்குத் தெரிந்தவர்கள் அன்றைய ஐரோப்பாவில் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். அந்த மனிதர்தான் 1330களின் தொடக்கத்தில் ஊரைப் பணியவைத்துச் சாசனத்தைத் திரும்ப வாங்கினார். வீடு வீடாக இருந்த திரிகைக் கற்களையும் மடத்துக்குக் கொண்டுவரச் செய்தார். கொண்டுவந்த கற்களை அவர் உடைத்துப் போடவில்லை, விற்கவும் இல்லை. மடத்துப் பேச்சறையின் தரையில் வரிசையாகப் பதித்தார். வெளியாட்கள் துறவிகளைப் பார்க்க வரும் அறை அது. தன் பாட்டி சுற்றிய கல்லை மிதித்துக்கொண்டுதான் ஊர்க்காரன் உள்ளே போக வேண்டும்.

ஐம்பது வருஷம் மிதித்தார்கள்.

1381 ஜூனில் தலைவரி எதிர்ப்பில் இங்கிலாந்து கொந்தளித்தபோது, செயின்ட் ஆல்பன்ஸில் முன்னால் நின்றவர் வில்லியம் கிரைண்ட்காப். அந்தப் பெயரைப் பார்த்து நானும் இரண்டாம் தடவை வாசித்தேன். ஆங்கிலக் காதுக்கு அதில் அரைவைச் சத்தம் கேட்கும், தற்செயல்தான். கூட்டம் மடத்துக்குள் புகுந்து பேச்சறைத் தரையைப் பெயர்த்தது. கற்களை வீட்டுக்குத் தூக்கிப் போய்த் திரும்பச் சுற்றியிருக்கலாம். அவர்கள் செய்தது வேறு. துண்டு துண்டாக உடைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிட்டுக் கொடுக்கும் அப்பத்தைப் போல ஆளுக்கொரு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். இதை எழுதிவைத்தவர் தாமஸ் வால்சிங்காம், அதே மடத்துத் துறவி, கலகக்காரர்களை வெறுத்தவர். அவர் பரிகாசமாகச் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் அந்த ஒரு காட்சிக்காக அவருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. ஜூலையில் மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் படையோடு வந்தார். கிரைண்ட்காப் தூக்கிலிடப்பட்டார். மடத்துக்கு உரிமைகள் திரும்பின.

பியர் குடிப்பவர்களின் உரிமைக்காக 1971-இல் தொடங்கிய பிரிட்டிஷ் இயக்கமான காம்ராவின் தலைமையகம் இன்று இருப்பது அதே ஊரில். திட்டமிட்டுத் தேர்ந்தார்களா என்று யோசிக்க வேண்டாம். எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

மடம் போன பிறகு வரி வந்தது. 1697 முதல் 1880 வரை இங்கிலாந்தில் மால்ட்டுக்கே வரி. வீட்டில் காய்ச்சுகிறவன் திரிகை வைத்திருக்கலாம், அதில் போடும் தானியத்துக்கு விலை ஏறிவிட்டது. 1821-இல் வெளிவரத் தொடங்கிய தன் குடிசைப் பொருளாதார நூலில் வில்லியம் காபெட் புலம்புவது இதைத்தான். உழைப்பாளி வீட்டில் பியர் காய்ச்சுவதை விட்டுவிட்டு, சத்தில்லாத தேநீரைக் குடித்துக் கெட்டுப்போகிறான் என்று அவருக்குக் கோபம். தேநீரைத் திட்டும் ஒருவரை வாசிப்பது மலையகத் தேயிலை பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். வீட்டுக் காய்ச்சல் தேயத் தேய, பெரும் ஆலைகள் வளர்ந்தன. லண்டன் விட்பிரெட் ஆலையில் மால்ட் உடைக்கக் குதிரைகள் சுற்றிய சக்கரத்துக்குப் பதிலாக 1785-இல் பௌல்டன், வாட் நிறுவனத்தின் நீராவி இயந்திரம் வந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிய அந்த இயந்திரம் இப்போது சிட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1880-இல் மால்ட் வரி போய், வீட்டில் காய்ச்ச உரிமம் என்ற புது விதி வந்தது. அது நீங்கியது 1963-இல்.

அமெரிக்காவில் இன்னும் கோணல். 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அப்போது கடையில் கிடைத்தது டின்னில் அடைத்த மால்ட் பாகு, சமையலுக்கு என்ற பெயரில். பாகை வாங்கித் தண்ணீரில் கரைத்தால் போதும், உடைக்கும் வேலையே இல்லை. மதுவிலக்கு போனபோது வீட்டு ஒயினுக்கு அனுமதி கிடைத்தது, வீட்டு பியர் விடுபட்டுவிட்டது. அது சரியாக 1978 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. சட்டம் 1979 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது. முழுத் தானியத்திலிருந்து காய்ச்ச ஆசைப்பட்டவர்களுக்கு மால்ட் உடைக்கும் வீட்டு மெஷின் அன்று சந்தையில் இல்லை. அவர்கள் கண்டுபிடித்தது கொரோனா. நோயல்ல, கொலம்பியாவின் மெடலின் நகரிலிருந்து வரும் வார்ப்பிரும்புக் கைமெஷின். வேகவைத்த சோளத்தை அரேபா ரொட்டிக்கு அரைக்க லத்தீன் அமெரிக்க வீடுகளில் மேசை விளிம்பில் திருகி வைத்திருப்பது. தட்டுகளைத் தள்ளிவைத்து அதிலே மால்ட்டை உடைத்தார்கள். 1990களில்தான் பெரிய ஆலைகளில் இருக்கும் உருளை மெஷின் சின்னதாகி வீட்டுக்கு வந்தது.

நம் பக்கம் வருவோம். சிங்கப்பூரில் 2004 முதல் வீட்டில் பியர் காய்ச்சலாம். 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் கூடாது, விற்கக் கூடாது, சாராயமாக வடிக்கக் கூடாது. பாலம் தாண்டி ஜொகூருக்கு வந்தால் கலால் உரிமம் இல்லாமல் காய்ச்சவே முடியாது. ஆகவே இந்தக் கதையில் நான் வேடிக்கை பார்ப்பவன் மட்டும்தான்.

மடத்து ஆலையைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது தோட்டத்துக் கள்ளுக்கடை. கள்ளுக்குத் திரிகை வேண்டாம், தென்னை போதும். ஆனால் யார் இறக்கலாம், எங்கே விற்கலாம் என்பது உழைப்பவன் கையில் இல்லை. சம்பள நாளில் வாங்கிய காசில் ஒரு பங்கு தோட்ட எல்லைக்குள்ளேயே திரும்பிப் போனது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் ஒன்று. செயின்ட் ஆல்பன்ஸ்காரன் திரிகையைத் திருப்பிக் கேட்டான், நம்மாள் கடையையே மூடச் சொன்னான். இரண்டையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். என் தாத்தா குடித்து அழித்ததைப் பார்த்து வளர்ந்த அம்மா முகம் சுளித்தது சும்மா இல்லை.

நண்பருக்குக் கடைசியில் நான் சொன்னது இதுதான். தட்டு மெஷின் மலிவு, வேலை நடக்கும், ஆனால் உமியைக் கிழிக்கும், தட்டு ஆடும். கடையிலேயே உடைத்து வாங்கலாம், ஆனால் அது எல்லோருக்கும் பொதுவான அளவில் உடைபடும். அதைவிட முக்கியம், நம் ஊர்க் காற்றில் உடைத்த மால்ட் சீக்கிரம் நமுத்துப்போகும், முழுத் தானியம் காற்றுப்புகாத டப்பாவில் பல மாதம் நிற்கும். அதனால் இடைவெளியை மாற்றிக்கொள்ளக்கூடிய இரட்டை உருளை மெஷின். ஒரு மில்லிமீட்டரில் தொடங்கி, வடிவதைப் பார்த்துக் குறைத்துக்கொண்டே வரலாம். அளவுகோல் இல்லாதவர்கள் கடன் அட்டையைச் செருகிப் பார்ப்பார்கள், அதன் தடிமன் 0.76 மில்லிமீட்டர். மூன்று உருளை இருந்தால் நல்லதுதான், மாதம் 30 லிட்டருக்கு அது ஆடம்பரம். கழுவக் கூடாது, துரு ஏறும், தூரிகையால் தட்டினால் போதும். நொதிக்கும் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து உடைக்கக் கூடாது, தானியத் தூசியில் புளிக்கவைக்கும் கிருமி இருக்கும். ஸ்காட்லாந்து விஸ்கி ஆலைகளில் லீட்ஸ் நகரத்து போர்ட்டியஸ் நிறுவனத்தின் பழைய சிவப்பு மெஷின்கள் இன்னும் ஓடுகின்றன, பழுதாகவே ஆகாததால் யாரும் இரண்டாவது வாங்கவில்லை, அதனால் கம்பெனியே மூடிப்போனது என்று ஒரு கதை சொல்வார்கள். கதையாகவே இருக்கட்டும். வாங்கினால் அப்படி ஒன்று வாங்க வேண்டும்.

வாங்கினார். போன மாதம் முதல் உடைப்புக்குக் கூப்பிட்டிருந்தார். பால்கனியில் பழைய துணி விரித்து, மெஷினை வாளிமேல் வைத்து, நான் வாளியைப் பிடித்துக்கொள்ள அவர் கைப்பிடியைச் சுற்றினார். ஐந்து கிலோவுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்று குழாயைத் திறந்ததும் சாறு நூல் போல இறங்கியது. உடைத்த மால்ட்டை அதற்கு முன்பே கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். இரவு வீடு திரும்பி அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நாலஞ்சு முழுசா கெடக்கு பாரு. இன்னும் கொஞ்சம் நெருக்கி வெக்கச் சொல்லு."