காவலே காயமாகும்போது



இவ்வாரத் தியானத்திற்கு மாற்கு 1-ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதியை வாசித்துக்கொள்ளுங்கள். ஒருவரும் நெருங்கத் துணியாத குஷ்டரோகி ஒருவனை ஆண்டவர் தம் கையாலேயே தொடுகிறார். வேதாகமம் அப்பெயரால் குறிப்பது இன்று மருத்துவர்கள் தொழுநோய் என்று அழைக்கும் நோயை மட்டுமன்று. லேவியராகமம் 13, 14 அதிகாரங்களில் அதே எபிரெயச் சொல் ஆடையில் படரும் கறைக்கும் வீட்டுச் சுவரில் தோன்றும் தோஷத்துக்கும் வழங்குகிறது. ஆயினும், நூற்றாண்டுகளாக அப்பெயரின் பாரத்தைச் சுமந்தவர்கள் தொழுநோயாளிகளே. இந்நோய் விரல்களை எப்படி அழிக்கிறது என்பதை மனிதர் அறிந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அந்த வரலாற்றை மூன்று படிகளாக உங்கள்முன் வைக்கிறேன்.

1. கிருமியைக் கண்டார்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்வே நாட்டின் பெர்கன் நகரம் தொழுநோய் ஆராய்ச்சியின் தலைநகரம் போல விளங்கியது. அங்கிருந்த புகழ்பெற்ற மருத்துவர் டேனியல்சன், இது பரம்பரையாக வரும் நோய் என்று உறுதியாக நம்பினார். அவருடைய மருமகனான கெர்ஹார்ட் ஆர்மௌவர் ஹான்சன் 1873-ல் நோயாளிகளின் திசுக்களில் கோல் வடிவக் கிருமிகளைக் கண்டார். மாமனாரின் கொள்கையை மருமகனின் நுண்ணோக்கி மறுத்தது. இது குலத்தின் சாபமுமல்ல, இரத்தத்தில் வரும் கறையுமல்ல என்பது தெளிவாயிற்று.

இந்த அறிவு இரக்கத்தை வளர்த்திருக்க வேண்டும். வளர்ந்ததோ அச்சம். 1897-ல் பெர்லினில் கூடிய முதல் சர்வதேசத் தொழுநோய் மாநாடு, நோயாளிகளைத் தனிமைப்படுத்துவதே வழி என்றது. இந்நோய் எளிதில் தொற்றுவதில்லை என்று 1890–91-ல் இந்தியாவை ஆராய்ந்த தொழுநோய் ஆணையம் ஏற்கெனவே கூறியிருந்தது. அப்படியிருந்தும் 1898-ல் தொழுநோயாளர் சட்டம் இயற்றப்பட்டது. பிச்சையெடுத்துப் பிழைத்த தொழுநோயாளியைக் காவலர் பிடித்துச் சென்று இல்லத்தில் அடைக்க அது இடங்கொடுத்தது.

2. நரம்பைக் கண்டார்கள்

கிருமி தெரிந்த பின்பும், அதுவே விரல்களைத் தின்றுவிடுகிறது என்றே யாவரும் எண்ணினர். அந்த எண்ணத்தை அசைத்தவர் நம் மண்ணில் பிறந்தவர். கொல்லிமலையில் ஊழியம் செய்த மிஷனெரி தம்பதியருக்கு 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையை நடத்திவந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அங்கே அழைத்துச்சென்று, மடங்கிப்போன கைகளைக் காட்டினார்.

பிராண்ட் அந்தக் கைகளைப் பொறுமையோடு ஆராய்ந்தார். விரல்களின் சதை அழுகவில்லை. நெருப்பு சுட்டாலும் கத்தி கிழித்தாலும் உணராத கை, நாளுக்கு நாள் காயப்பட்டுத் தேய்ந்துபோயிருந்தது. வலி என்னும் காவலன் இல்லாமற்போனதே காரணம். அப்படியானால் நரம்பு எங்கே கெட்டது? முழங்கையிலும் மணிக்கட்டிலும் முழங்காலிலும், நரம்பு தோலுக்கு அருகில் ஓடிக் குளிர்ச்சியாயிருக்கும் இடங்களில் அது கயிறு போலத் தடித்திருந்தது. கை விரல்களை மீண்டும் இயங்கச் செய்யும் தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சைகள் வேலூரில் இந்தப் புரிதலிலிருந்தே வளர்ந்தன.

3. காவலைக் கண்டார்கள்

இன்னொரு புதிர் எஞ்சி நின்றது. 1940-களில் சல்ஃபோன் மருந்துகள் வந்தன, கிருமிகள் மடிந்தன. ஆனால் ஒழுங்காக மருந்து உட்கொண்ட சிலருக்கே, திடீரென நரம்பு வீங்கி, சில நாட்களுக்குள் கை தளர்ந்துபோயிற்று. கிருமி சாகும் காலத்தில் நரம்பு ஏன் கெட வேண்டும்?

தொழுநோய்க் கிருமி மிகவும் மந்தமானது. அது ஒன்று இரண்டாகப் பெருக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். கொடிய நஞ்சு எதையும் அது கக்குவதில்லை. நரம்பிழைகளைச் சுற்றி உறையாய் அமைந்திருக்கும் ஷ்வான் செல்களுக்குள் அது குடியேறி, வருடக்கணக்காக அரவமின்றி வாழ்கிறது. அது அங்கே இருப்பதைச் சரீரத்தின் நோய் எதிர்ப்பு மண்டலம் கண்டுகொள்ளும்போதுதான் யுத்தம் தொடங்குகிறது. போர்வீரர்களாகிய வெள்ளணுக்கள் நரம்புக்குள் திரண்டு புகுகின்றன. நரம்பு வீங்குகிறது. அதைச் சுற்றிய உறை இறுக்கமானது, விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, இரத்த ஓட்டம் குறைந்து, நரம்பிழைகள் நசுங்குகின்றன. எதிரி பதுங்கிய வீட்டைக் காவற்படையே இடித்துத் தள்ளுவது போன்றது இது.

ஒரே கிருமி ஆளுக்கு ஆள் வெவ்வேறு உருவம் காட்டுவதும் இதனால்தான். 1966-ல் ரிட்லி, ஜாப்லிங் என்னும் இரு மருத்துவர்கள், நோயாளியின் எதிர்ப்பாற்றலை அளவுகோலாகக் கொண்டு இந்நோயை வகைப்படுத்தினர். எதிர்ப்பு வலுவாயிருந்தால் கிருமிகள் சொற்பம். ஆனால் பாதிக்கப்பட்ட ஓரிரு நரம்புகள் விரைவில் சேதமாகும். எதிர்ப்பு இல்லாவிட்டால் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகி, மெதுவாக உடலெங்கும் நரம்புகளைக் கெடுக்கும். இடைப்பட்டவர்களிடம் எதிர்ப்பு திடீரெனப் பொங்கி எழுவதும் உண்டு. அதையே மருத்துவர்கள் எதிர்வினை என்கிறார்கள். செத்த கிருமிகளின் மிச்சங்கூட அதைத் தூண்டக்கூடும். ஆகவே சிகிச்சை முடிந்த பின்பும் அது வரலாம்.

2017-ல் லலிதா ராமகிருஷ்ணன் முதலான ஆராய்ச்சியாளர்கள், உடல் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் இதன் ஒரு பகுதியைக் கண்ணாரக் கண்டனர். கிருமியின் மேலுறையிலுள்ள ஒரு கொழுப்புப் பொருளால் தூண்டப்பட்ட விழுங்கணுக்கள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டன. அதனால் அருகிலிருந்த நரம்பிழைகள் சிதைந்தன. கிருமி தானாகவும் நரம்புக்குத் தீங்கு செய்வதுண்டு. எனினும் சேதத்தின் பெரும்பங்கு சரீரத்தின் சொந்தப் பாதுகாப்பினாலேயே வருகிறது.

நாம் கற்கும் பாடம்

பிரியமானவர்களே, எதிர்ப்பாற்றல் தேவன் தந்த ஈவு. அது முற்றிலும் அற்றுப்போனவரிடம் நோய் கட்டுக்கடங்காமல் பரவும் என்று பார்த்தோம். மருத்துவர் அதை அழிப்பதில்லை. கிருமியைக் கொல்லும் மருந்தைத் தொடர்ந்துகொண்டே, பிரட்னிசோலோன் போன்ற மருந்தால் அந்தச் சினத்தைத் தணிக்கிறார். காவல் வேண்டும், அதற்கு அளவும் வேண்டும்.

சபையாகிய சரீரமும் சமுதாயமும் இந்த அளவை இழந்ததுண்டு. 1982 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவரும் கூட்டு மருந்துச் சிகிச்சையால் தொழுநோய் குணமாகும் நோயாயிற்று. அதற்குப் பின்பு, 2001-ல், கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் திருத்தப்பட்டபோது, “குணமாக்க முடியாத” தொழுநோய் மணமுறிவுக்கான ஒரு காரணமாகச் சேர்க்கப்பட்டது. 2019-ல்தான் அது நீக்கப்பட்டது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகள் நம்முடைய திருமணச் சட்டத்தில் அந்த வரி இருந்தது. ஆலய பலிபீடத்தின்முன் சுகத்திலும் வியாதியிலும் என்று உடன்படிக்கை செய்கிற நாம், அதை எண்ணி வெட்கப்பட வேண்டாமா? கிருமி எந்தக் குடும்பத்தையும் பிரிப்பதில்லை. குடும்பத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு பிரித்தவர்கள் மனிதர்கள்.

1 கொரிந்தியர் 12-ல் பவுல் அப்போஸ்தலன், ஓர் அவயவத்தின் பாடு எல்லா அவயவங்களுக்கும் உரியது என்று போதிக்கிறார். தவறிப்போன ஒரு வாலிபனை, அவதூறுக்குள்ளான ஒரு சகோதரியை, விவாகம் முறிந்த ஒரு குடும்பத்தை நாம் எப்படி நடத்துகிறோம்? பரிசுத்தத்தைக் காக்கும் வைராக்கியம் நல்லதே. ஆனால் அது எழும்பும்போது அழிவது பாவமா, அல்லது பாவி திரும்பி வருவதற்கான வழியா என்று சோதித்தறியுங்கள். ஆண்டவர் அந்த மனிதனைத் தொட்டபோது பரிசுத்தம் குறையவில்லை, அவன் சுத்தமானான்.

இது உங்களில் எவருடைய கையையாவது காக்கக்கூடும் என்பதால், இதையும் கவனியுங்கள். தோலில் நிறம் மங்கிய, தொட்டால் உணர்ச்சி குறைந்த படை இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். மருந்து இலவசம். சிகிச்சை பெறுபவருக்கோ, பெற்று முடித்தவருக்கோ படை சிவந்து தடித்தாலும், நரம்பில் வலி கண்டாலும், கை கால் தளர்ந்தாலும், இமை மூட முடியாமற்போனாலும், அன்றே மருத்துவரைக் காணட்டும். மருந்துதான் இப்படிச் செய்தது என்று எண்ணி மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். நரம்பு கெடத் தொடங்கி ஆறு மாதத்திற்குள் தகுந்த சிகிச்சை கிடைத்தால் பலருக்கு வலிமை திரும்புகிறது. நம் சபையில் ஒருவர் இந்தப் பாதையில் நடந்தால், மருத்துவமனை வரை உடன் செல்லுங்கள். திருவிருந்தில் அவர் அருகில் முழங்காற்படியிடுங்கள்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, எங்கள் சரீரத்தைக் காக்கும்படி நீர் வைத்த காவலுக்காக ஸ்தோத்திரம். எங்கள் வைராக்கியத்துக்கு இரக்கத்தின் அளவைத் தாரும். நாங்கள் விலக்கியவர்களை உமது கரத்தால் தொடுகிறவர்களாக எங்களை மாற்றும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.