பதினைந்தாவது இலக்கம்

2006-ல் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபோது, ராமானுஜர் அவதரித்த தலமான ஸ்ரீபெரும்புதூர் செல்போன் ஊராகவும் ஆனது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ் ஏறி வந்த இளம்பெண்கள் லைனில் நின்றார்கள். அவர்கள் கையைக் கடந்த ஒவ்வொரு போனும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணோடு வெளியேறியது. *#06# அழுத்தினால் திரையில் வருமே, அந்த எண்.

முதல் எட்டு இலக்கங்கள் மாடலைச் சொல்லும்; அடுத்த ஆறு வரிசை எண். கடைசி இலக்கத்தின் ஒரே வேலை, முந்தைய பதினான்கும் பிழையின்றிப் பதிவாகியிருக்கின்றனவா என்று காட்டுவது. ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்துக் கூட்டும் அந்தக் கணக்குக்கு ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-ல் காப்புரிமை கோரினார். அதே லூன் 1953 ஜனவரியில் எழுதிய அலுவலகக் குறிப்பே, தரவைச் சிறு எண்ணாகச் சுருக்கும் ஹாஷிங் உத்தியின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

ஓர் இலக்கம் தவறினால் லூன் கணக்கு பிடித்துவிடும். வேண்டுமென்றே எண்ணை மாற்றுகிறவரோ கடைசி இலக்கத்தையும் கணக்குப் போட்டு மாற்றிக்கொள்வார். பேனாவும் தாளும் போதும். முறையான ஐஎம்இஐ இல்லாத போன்களின் இணைப்பை 2009 டிசம்பர் முதல் துண்டிக்க மத்திய அரசு உத்தரவிட்டது. 2017-ல் எண்ணைத் திருத்துவதைத் தடுக்கத் தனி விதிகள் வந்தன. 2023 ஜனவரி 1 முதல், இந்தியாவில் தயாராகும் ஒவ்வொரு போனின் எண்ணும் முதல் விற்பனைக்கு முன்பே அரசிடம் பதிவாக வேண்டும்.

நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ல் நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தது இந்த வட்டாரத்தின் ஆறாத காயம். பின்னாளில் ஃபாக்ஸ்கான் லைன்களில் ஷாவ்மியின் ஆண்ட்ராய்டு போன்களும் ஐபோன்களும் வந்தன. இவற்றில் எண்ணைவிடக் கவனமாகக் காக்க வேண்டியது உள்ளே ஓடும் மென்பொருள்.

அங்கேதான் ஷா-256 என்ற ஹாஷ் கணக்கு வருகிறது. எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் 32 பைட் தரும். ஒரு பிட் மாறினாலும் விடை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். 2013-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.4, சிஸ்டம் பகுதியை 4,096 பைட் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் எடுத்து, அந்த ஹாஷ்களுக்கும் ஹாஷ் எடுத்து, உச்சியில் ஒரே ஒரு ஹாஷில் முடிக்கும் வழியைக் கொண்டுவந்தது. தயாரிப்பாளர் கையொப்பமிடுவது அந்த உச்சிக்கு.

கணிதம் உறுதியாக இருந்தாலும், அதைக் கையாளும் நிரல் இடறலாம். நிண்டெண்டோவின் வீ விளையாட்டுக் கருவி நல்ல சான்று. அதன் நிரலில் கையொப்பத்தில் உள்ள ஷா-1 ஹாஷையும் கோப்பின் ஷா-1 ஹாஷையும் ஒப்பிட, சி மொழியில் எழுத்துச்சரங்களுக்கென்று உள்ள ஃபங்ஷனைப் போட்டிருந்தார்கள். பூஜ்ய பைட் வந்தால் சரம் முடிந்ததென்று அது நின்றுவிடும். ஆகவே, முழுவதும் பூஜ்யமான போலிக் கையொப்பத்தை வைத்து, ஹாஷின் முதல் பைட் பூஜ்யமாகும்வரை கோப்பை மாற்றிக்கொண்டே போனால் போதும். ஏறத்தாழ 256 முயற்சிகளில் ஒன்று பலிக்கும். 20 பைட் பாதுகாப்பு ஒரு பைட்டாகச் சுருங்கிவிட்டது!

ஆண்ட்ராய்டு போன் விழிக்கும்போது மென்பொருளைச் சோதிக்கும் லைப்ரரியும் சி மொழியில் எழுதப்பட்டதே. ஆனால் வேறுபாடு தென்பட்டதும் நின்றுவிடாமல் கடைசி பைட் வரை ஒப்பிடும் ஃபங்ஷனை அதற்கென்றே தனியாக எழுதியிருக்கிறார்கள். இந்த எச்சரிக்கையில் ஒரு பங்கை ரஸ்ட் மொழி கம்பைலரிடமே ஒப்படைக்கிறது. அதன் ஷா2 லைப்ரரியில் தரவைத் துண்டு துண்டாக ஊட்டிவிட்டு 'ஃபைனலைஸ்' என்று அழைத்தால், கணக்கைச் செய்த ஹாஷர் அத்தோடு கைமாறிப் போய்விடும். பிறகு அதில் மேலும் தரவைச் சேர்க்க முயன்றால் நிரல் கம்பைலே ஆகாது. கிடைக்கும் விடையின் நீளம் அதன் டைப்பிலேயே பதிந்திருப்பதால், 32 பைட்டும் ஒத்திருந்தால்தான் சமம் என்ற விடை வரும். ஆண்ட்ராய்டு இயங்குதளத்தை எழுத ரஸ்டையும் ஏற்பதாகக் கூகுள் 2021-ல் அறிவித்தது. அடுத்த ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 13-ல் புதிதாக எழுதிய நேட்டிவ் நிரலில் ஏறக்குறைய 21 சதவீதம் அந்த மொழியில் இருந்தது.