பட்டியலை எழுதியவர்கள் யார்? அமெரிக்க பேஸ்பால் டிராஃப்டும் 'தகுதி'யின் வரலாறும்

ஆண்டுதோறும் ஜூலை மாதம் நெருங்கும்போது அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் ஒரு கணக்கில் மூழ்கிவிடுகிறார்கள். நம் அணிக்கு இந்த முறை யார் கிடைப்பார்? கலிஃபோர்னியாவின் அந்தப் பள்ளி மாணவரா, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அந்தப் பந்துவீச்சாளரா? ஒருவர் பட்டியல் போடுவார், இன்னொருவர் அதைக் கிழிப்பார். 17, 18 வயதுப் பையனின் தோள், இடுப்பு, ஓட்டம், குணம் எல்லாம் விவாதத்துக்கு வரும். பார்ப்பதற்கு இது வெறும் பொழுதுபோக்கு. ஆனால் 'திறமை' என்ற சொல்லை யார், எந்த இடத்தில் நின்றுகொண்டு வரையறுக்கிறார்கள் என்று படிக்க விரும்பும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் குறைவு.

டிராஃப்ட் என்றால் என்ன? மேஜர் லீகில் 30 அணிகள் உள்ளன. பள்ளி, கல்லூரிகளில் ஆடும் இளைஞர்களை இந்த அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தெரிவு செய்கின்றன. போன ஆண்டு மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வாய்ப்பு. 2023 முதல் தொடக்க இடங்களுக்கு மட்டும் குலுக்கல் உண்டு. இப்போது மொத்தம் 20 சுற்றுகள். தெரிவான இளைஞர் அந்த ஒரு அணியோடு மட்டுமே பேரம் பேச முடியும். பிடிக்கவில்லை என்றால் கல்லூரிக்குப் போய், பிறகு இன்னொரு டிராஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும். அதாவது தொழிலாளி முதலாளியைத் தேர்ந்தெடுப்பதில்லை. முதலாளிதான் தொழிலாளியைத் தேர்ந்தெடுக்கிறார். ரசிகர்களின் ஊகம் முழுக்க முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து செய்யப்படும் ஊகம் என்பதை முதலில் குறித்துக்கொள்வோம்.

டிராஃப்டுக்கு முன்

1884 இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினக் கேட்சர் டொலிடோ அணிக்காக மேஜர் லீகில் ஆடினார். அதன் பிறகு கதவு மூடப்பட்டது. கறுப்பர்கள் ஆடக்கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதவில்லை. முதலாளிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஜாக்கி ராபின்சன் களமிறங்கும் வரை அது நீடித்தது. இடைப்பட்ட காலத்தில் கறுப்பர்கள் தங்களுக்கான லீகுகளைத் தாங்களே கட்டினார்கள். 1920 இல் ரூப் ஃபாஸ்டர் கான்சாஸ் சிட்டியில் தொடங்கிய நீக்ரோ நேஷனல் லீக் அவற்றில் முக்கியமானது.

நிறத்தடை விழுந்த விதத்தையும் நாம் கவனிக்க வேண்டும். ராபின்சனை எடுத்துக்கொண்ட புரூக்ளின் அணி, அவர் ஆடிக்கொண்டிருந்த கான்சாஸ் சிட்டி மொனார்க்ஸுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. கறுப்பர்களின் லீகுகளை மதிக்கத்தக்க நிறுவனங்களாகவே வெள்ளை முதலாளிகள் கருதவில்லை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1945 லேயே ராபின்சனைத் தன் மைதானத்துக்கு வரவழைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டது. அந்த அணியில் முதல் கறுப்பின வீரர் ஆடியது 1959 இல்தான். பதினான்கு ஆண்டுகள்!

1965 வரை டிராஃப்ட் கிடையாது. ஆள் தேடும் ஸ்கவுட் ஊர் ஊராகப் போவார், பையனைப் பார்ப்பார், வீட்டில் உட்கார்ந்து பேசுவார், கையெழுத்து வாங்குவார். இந்த முறையில் ஸ்கவுட் யார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்தது. மொனார்க்ஸ் அணியின் ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் இருந்த பக் ஓ'நீல், பின்னர் சிகாகோ கப்ஸ் அணியின் ஸ்கவுட் ஆனார். வெள்ளை ஸ்கவுட்டுகள் அதிகம் எட்டிப்பார்க்காத கறுப்பினக் கல்லூரிகளுக்குப் போனார். லூசியானாவின் சதர்ன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லூ பிராக் என்ற ஏழை மாணவரைக் கண்டுபிடித்தார். பின்னாளில் 938 தளங்களைத் திருடி (எதிரணி அசரும் நேரத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள்) சாதனை படைத்தவர் இந்த பிராக். ஓ'நீல் போகாமல் இருந்திருந்தால் பிராக்கின் திறமை குறைந்திருக்காது. பார்க்க ஆள் இருந்திருக்காது.

1965: யாருக்காக வந்தது?

1964 இல் ரிக் ரைகார்ட் என்ற கல்லூரி மாணவருக்காக அணிகள் போட்டி போட்டன. கடைசியில் ஏஞ்சல்ஸ் அணி 205,000 டாலர் கொடுத்தது. முதலாளிகள் அதிர்ந்துபோனார்கள். மறு ஆண்டே டிராஃப்ட் வந்துவிட்டது. பலவீனமான அணிகளுக்கும் நல்ல வீரர்கள் கிடைக்க வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு இளைஞருக்காகப் பல அணிகள் ஏலம் கேட்கும் நிலையை ஒழிப்பதே உடனடித் தேவையாக இருந்தது. முதல் டிராஃப்டில் முதல் ஆளாகத் தெரிவான ரிக் மண்டே பெற்றது சுமார் ஒரு லட்சம் டாலர். ரைகார்டுக்குக் கிடைத்ததில் பாதி.

இன்னொரு மாற்றமும் நடந்தது. ஓ'நீல் போன்ற ஒருவர் தன் கண்ணை நம்பி, தன் சமூகத்தில் தனக்கிருந்த மதிப்பை வைத்து ஒரு பையனை நேரடியாகச் சேர்த்துவிட முடிந்த காலம் முடிந்தது. இனி ஸ்கவுட் அறிக்கை மட்டும் எழுதுவார். தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் வரிசை போடுவார்கள். அந்த அறையில் யார் இருந்தார்கள் என்பது அடுத்த ஆண்டே தெரிந்தது.

1966: முதலிடமும் இரண்டாமிடமும்

1966 டிராஃப்டில் முதல் வாய்ப்பு நியூயார்க் மெட்ஸ் அணிக்கு. அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ரெஜி ஜாக்சன் என்ற கறுப்பின இளைஞர் ஆடிக்கொண்டிருந்தார். அவருடைய தந்தை மார்டினெஸ் ஜாக்சன் தையல் தொழிலாளி. நிறத்தடைக் காலத்தில் நீக்ரோ லீகின் நூவர்க் ஈகிள்ஸ் அணியில் ஆடியவர். தந்தைக்கு அடைத்த கதவு மகனுக்குத் திறந்திருந்தது. ஆனால் மெட்ஸ் எடுத்தது ஸ்டீவ் சில்காட் என்ற பள்ளி மாணவரை. எங்களுக்குக் கேட்சர் தேவைப்பட்டார் என்றது அணி நிர்வாகம். ஜாக்சன் இரண்டாவதாக, கான்சாஸ் சிட்டி ஏ'ஸ் அணிக்குப் போனார்.

ஜாக்சன் பின்னாளில் சொன்ன கதை வேறு. கறுப்பினத்தைச் சேராத பெண் ஒருவரைக் காதலித்ததால்தான் மெட்ஸ் அவரை ஒதுக்கியது என்று கல்லூரிப் பயிற்சியாளர் தன்னிடம் சொன்னதாக அவர் பதிவு செய்திருக்கிறார். மெட்ஸ் தரப்பு இதை மறுத்தது. அந்த அறையில் பேசியதற்கு எழுத்துச் சான்று இல்லை. ஆனால் அப்போது மெட்ஸின் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் வைஸ். அவர் முன்பு நடத்திய யாங்கீஸ் அணி, ராபின்சன் வந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1955 இல்தான் முதல் கறுப்பின வீரரைக் களமிறக்கியது என்பது பதிவான வரலாறு. பாகுபாடு எப்போதும் கையெழுத்துப் போட்ட ஆணையாக வருவதில்லை. 'எங்கள் தேவை வேறு' என்ற ஒரு வரியாகவும் வரும்.

சில்காட் தோள் காயத்தால் மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் ஓய்ந்தார். அவர் மீது நமக்கு எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, அவரும் ஒரு பள்ளி மாணவர்தான். ஜாக்சன் 563 ஹோம் ரன் அடித்தார். 1977 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் மூன்று பந்துகளில் மூன்று ஹோம் ரன். அது நடந்ததும் அதே நியூயார்க் நகரில்தான், யாங்கீஸ் அணிக்காக.

இதை 'மெட்ஸின் தப்புக் கணக்கு' என்று ரசிகர்கள் இன்றும் சிரித்துப் பேசுகிறார்கள். ஜாக்சன் சிரிக்கவில்லை. 1967 இல் பர்மிங்ஹாம் நகரில் சிறு லீகில் ஆடியபோது உணவகங்களும் விடுதிகளும் தன்னை வெளியே அனுப்பியதை 2024 இல் அதே ஊரில், தொலைக்காட்சி நேரலையில், 78 வயதில் குரல் தழுதழுக்கச் சொன்னார்.

அளவுகோலின் மொழி

ஸ்கவுட்டுகள் ஐந்து திறன்களை அளப்பார்கள்: பந்தை அடிப்பது, வலுவாக அடிப்பது, ஓடுவது, பிடிப்பது, எறிவது. ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண். இவற்றில் பலவற்றைக் கடிகாரம் வைத்தும் கருவி வைத்தும் அளக்கலாம். ஆனால் இவற்றோடு 'மேக்கப்' என்று ஒன்று சேரும். முகப்பூச்சு அல்ல. குணம், கட்டுப்பாடு, குடும்பப் பின்னணி என்று பொருள். இதை அளக்கக் கருவி கிடையாது. சாதியோ நிறமோ பெயர் சொல்லாமல் நுழைவதற்கு இப்படிப்பட்ட கட்டம் ஒன்று போதும். நேர்முகத் தேர்வு அறைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

1987 ஏப்ரலில், டாட்ஜர்ஸ் அணியின் பொது மேலாளர் அல் கம்பானிஸ் தேசியத் தொலைக்காட்சியில் பேசினார். கறுப்பர்கள் ஏன் மேலாளர்களாக இல்லை என்று கேட்டதற்கு, அதற்கான தகுதிகள் சில அவர்களிடம் இல்லாமல் இருக்கலாம் என்றார். இரண்டு நாளில் வேலை போனது. இந்தக் கம்பானிஸ் 1946 இல் ராபின்சனோடு ஒரே அணியில் ஆடியவர். பின்னர் அதே டாட்ஜர்ஸின் ஸ்கவுட் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். எத்தனை இளைஞர்களின் அறிக்கைகள் அவர் மேசையைத் தாண்டிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அறிமுகத்தின் வலிமைக்கும் ஒரு சான்று. 1988 இல் மைக் பியாட்சா 62ஆவது சுற்றில், 1,390ஆவது ஆளாகத் தெரிவானார். அவருடைய தந்தையின் நண்பர் டாட்ஜர்ஸ் மேலாளர் டாமி லசோர்டா கேட்டுக்கொண்டதால்தான் அந்த அணி அவரை எடுத்தது. பியாட்சா 427 ஹோம் ரன் அடித்துப் புகழ் மண்டபத்துக்குள் நுழைந்தார். அவர் திறமைசாலிதான். ஆனால் ஸ்கவுட்டுகளின் வரிசை அவரைக் காணவில்லை. தந்தையின் நண்பர் கண்டார். அப்படி ஒரு நண்பர் இல்லாத வீடுகளில் எத்தனை பியாட்சாக்கள் இருந்தார்கள்?

ஒரு தாய் கேட்ட விலை

1991 இல் முதல் வாய்ப்பு யாங்கீஸுக்கு. வட கரோலினாவின் கடலோரச் சிற்றூரைச் சேர்ந்த பிரையன் டெய்லர் என்ற கறுப்பினப் பந்துவீச்சாளரை எடுத்தார்கள். தந்தை கொத்தனார். தாய் பெட்டி டெய்லர் நண்டுச் சதை பிரிக்கும் ஆலையில் வேலை செய்தவர். முதலில் பேசப்பட்ட தொகை சுமார் 3 லட்சம் டாலர். பெட்டி டெய்லர் மறுத்துவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு டாட் வான் பாப்பல் என்ற வெள்ளை இளைஞர் 12 லட்சம் டாலருக்கு ஒப்பந்தமாகியிருந்தார். அதுவும் 14ஆவது இடத்தில் தெரிவாகி. என் மகன் முதலிடத்தில் இருக்கும்போது அவனுக்கு ஏன் குறைவு என்பதே தாயின் கேள்வி. கோடைக்காலம் முழுக்க அசையாமல் இருந்தார். கடைசியில் 15.5 லட்சம் டாலருக்கு யாங்கீஸ் இறங்கிவந்தது.

1993 இறுதியில் ஒரு கைகலப்பில் டெய்லரின் தோள் சிதைந்தது. மேஜர் லீகைத் தொடாமலே அவர் ஆட்டம் முடிந்தது. ரசிகர்களின் பட்டியல்களில் அவர் பெயர் இன்று 'வீணான தேர்வு' என்ற தலைப்பின் கீழ் வருகிறது. நாம் அதை வேறு தலைப்பின் கீழ் எழுத வேண்டும். தன் உழைப்பின் விலையை எதிர்த்தரப்பு மட்டும் தீர்மானிக்கக் கூடாது என்று ஒரு ஆலைத் தொழிலாளி நாட்டின் மிகப் பணக்கார அணிகளில் ஒன்றிடம் சொல்லி, வென்ற வரலாறு அது.

இன்றைய கதவு

மேஜர் லீகில் கறுப்பின அமெரிக்கர்களின் பங்கு 1981 இல் 18.7 விழுக்காடு. 2024 தொடக்கத்தில் 6 விழுக்காடு. அவர்களுக்குக் கூடைப்பந்தும் கால்பந்தும்தான் பிடிக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். விருப்பம் வானத்திலிருந்து விழுவதில்லை. ஸ்கவுட்டுகள் கண்ணில் பட வேண்டுமானால் இன்று கட்டணப் போட்டிகளில் ஆட வேண்டும். பயணம், விடுதி, தனிப் பயிற்சி என ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். முதல்நிலைக் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு 13 முழு உதவித்தொகை இருந்த காலத்தில், பேஸ்பால் அணிக்கு 11.7 மட்டுமே. அதை முப்பதுக்கு மேற்பட்டோர் இருக்கும் அணியில் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். மீதியைக் கட்ட முடியாத ஏழை மாணவர் எந்த விளையாட்டுக்குப் போவார்?

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் ஜான் யங் என்ற கறுப்பின ஸ்கவுட். லாஸ் ஏஞ்சலஸின் ஏழைப் பகுதிகளிலிருந்து டிராஃப்டுக்கு வருவோர் குறைவதைக் கண்டு, 1989 இல் அங்கே சிறுவர்களுக்காக ஆர்பிஐ என்ற திட்டத்தைத் தொடங்கினார். அது பிறகு பல நகரங்களுக்குப் பரவியது.

2022 ஆம் ஆண்டு இரண்டு செய்திகளைத் தந்தது. ஜூலை டிராஃப்டில் முதல் ஐந்து பேரில் நான்கு பேர் கறுப்பின இளைஞர்கள்: ட்ரூ ஜோன்ஸ், குமார் ராக்கர், டெர்மார் ஜான்சன், எலைஜா கிரீன். நால்வரும் லீக் நடத்தும் இலவசப் பயிற்சித் திட்டங்களில் ஆடியவர்கள். வாய்ப்புக் கொடுத்தால் 'தகுதி' உடனே தெரிகிறது. ஆனால் அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் நடந்த உலகத் தொடரில், இரு அணிகளின் ஆட்டப் பட்டியலிலும் அமெரிக்காவில் பிறந்த கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லை. 1950 க்குப் பிறகு முதல் முறை.

முதல் செய்தியையும் முழுதாகக் கொண்டாடிவிட முடியாது. அந்த ஆண்டின் முதல் ஐந்து பேரில் நான்கு பேருடைய தந்தையர் தொழில்முறை விளையாட்டு வீரர்கள். நிறத்தின் கதவு கொஞ்சம் திறக்கும்போது வர்க்கத்தின் கதவு பக்கத்திலேயே இருக்கிறது. கொத்தனாரின் மகன் அந்த வரிசையில் எங்கே நிற்கிறான் என்று கேட்காமல் இந்த வரலாற்றைப் படித்து முடிக்க முடியாது.

அடுத்த ஜூலையிலும் ரசிகர்கள் பட்டியல் போடுவார்கள். போடட்டும், விளையாட்டை நேசிப்பது குற்றமல்ல. நாம் எந்தத் தகுதிப் பட்டியலைக் கையில் எடுத்தாலும் மூன்று கேள்விகளை எழுதிவைத்துக்கொள்வோம். இந்தப் பட்டியலில் இடம்பெற எவ்வளவு செலவாகிறது? எந்தக் கட்டத்தில் அளக்க முடியாத ஒன்றை மதிப்பெண்ணாக்குகிறார்கள்? வரிசை போடும் அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பதில் கிடைக்காவிட்டாலும் கேட்பதை நிறுத்த வேண்டாம், தோழர்களே. பெட்டி டெய்லரும் ஒரு கேள்வியில்தான் தொடங்கினார்.