தஞ்சோங் பகாரில் கடையநல்லூர்: சிங்கப்பூர் விடுதலையும் குடியுரிமையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றால மலைச்சரிவில் சாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தது. 1819இல் சிங்கப்பூரில் இறங்கிய கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ், 1822இல் அங்குள்ள குன்றில் அமைத்த தோட்டத்திலும் அதே பயிர்களே நடப்பட்டன. கம்பெனியின் கணக்கில் இரண்டும் ஒரே நாற்றங்காலின் இரு பாத்திகள். 1867இல் மகுடக் குடியேற்றமாகும் வரை சிங்கப்பூர் இந்திய ஆட்சிக்குள்ளேயே இருந்தது. பிற்காலத்தில் குற்றாலத்தை அடுத்த கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் கப்பலேறியபோது அயல்நாட்டுக்குப் போவதாக எண்ணியிருக்க வாய்ப்பில்லை. போனதும் வந்ததும் ஒரே பேரரசுக்குள்தான். அந்தப் பேரரசு கலைந்தபோது அவர்கள் எந்த நாட்டின் குடிகள் என்பதை முடிவு செய்தது எது?

கைத்தறி நெசவு நொடித்ததால் ஊரை விட்டவர்கள் இவர்களில் பலர். சிங்கப்பூர் சென்ற பிற தமிழ் முஸ்லிம் வணிகர்கள் பெரும்பாலும் மனைவி மக்களை ஊரில் விட்டுச் சென்றனர். கடையநல்லூர்க்காரர்களோ குடும்பத்தோடு போய்த் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் குடியேறினர். ஆண்கள் கூலி வேலைக்குப் போக, பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். குழந்தைகள் இருந்ததால் பள்ளி தேவைப்பட்டது. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியைத் தொடங்கியது. எட்டயபுரம் அரசவைப் புலவரின் பெயரைப் பள்ளிக்கு வைத்தவர்கள் நெல்லைச் சீமையை மறக்கவில்லை. ஆனால் பிழைத்துத் திரும்பும் எண்ணம் மட்டுமே உள்ளவர்கள் பள்ளிக்கூடம் கட்டுவதில்லை.

குடும்பமாக வேரூன்றியதே அவர்களுக்குச் சிங்கப்பூர்க் குடியுரிமையைத் தந்தது என்று இதிலிருந்து முடிவுகட்டத் தோன்றும். இலங்கை அந்த முடிவை மறுக்கிறது. அதே திருநெல்வேலி மாவட்டத்திலிருந்தும் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்தும் மலையகத் தோட்டங்களுக்குப் போனவர்களும் குடும்பமாகவே போனார்கள், தலைமுறைகளாகத் தங்கினார்கள். 1948 பிப்ரவரி 4இல் விடுதலை பெற்ற இலங்கை, அவ்வாண்டே நிறைவேற்றிய 18ஆம் எண் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. ஒரே வெள்ளைக்காரன் ஆண்ட இரு தீவுகள், ஒரே மாவட்டத்து மக்கள், நேரெதிர் முடிவுகள்.

வேறுபாடு வாக்குப்பெட்டியில் இருந்தது என்பதே என் வாதம். இலங்கையில் 1931லேயே வயதுவந்தோர் வாக்குரிமை வந்துவிட்டது. தோட்டத் தொழிலாளரின் வாக்கு மலைநாட்டுத் தொகுதிகளின் முடிவை மாற்றும் என்ற அச்சம் கண்டித் தலைவர்களிடம் அப்போதே கிளம்பியது. 1947 தேர்தல் அந்த அச்சத்தை உறுதிப்படுத்தியது. சிங்கப்பூரிலோ வந்தேறியைச் சுட்டிக்காட்டும் விரல் பெரும்பான்மையையே சுட்டியிருக்கும். மக்களில் முக்கால்வாசிப் பேர் சீனர்கள். அவர்களில் சீனாவில் பிறந்த லட்சக்கணக்கானோர் வாக்கில்லாமல் இருந்தார்கள். சீன வர்த்தகச் சங்கம் 1950களில் இடைவிடாமல் கேட்ட உரிமை, 1957 குடியுரிமைச் சட்டமாக வடிவெடுத்தது. நெடுங்காலம் தங்கியவர்களுக்கும் அது வழிவிட்டது. 1955இல் சுமார் 3 லட்சமாக இருந்த வாக்காளர் தொகை 1959இல் 5.86 லட்சத்தை எட்டியது. பின்னாளில் பிரதமரான லீ குவான் இயூ 1955இல் வென்ற தொகுதியும் தஞ்சோங் பகார்தான்.

தமிழர்களுக்கென்று திறக்கப்பட்ட கதவல்ல அது. பிறருக்காகத் திறந்த கதவின் வழியே அவர்கள் நுழைந்தார்கள். நுழையச் சொல்லி வற்புறுத்தவும் ஆள் வேண்டியிருந்தது: ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி, தமிழர்கள் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஓயாமல் எழுதினார். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்றானதைப் பெருந்தன்மையின் கொடையாகப் போற்றும் மேடைப் பேச்சுகள் இந்த எண்ணிக்கை அரசியலைக் கணக்கில் எடுப்பதில்லை.

பதிந்துகொள்ளாதவர்களின் கதையும் உண்டு. 1963இல் மலேசியாவோடு இணைந்து, 1965 ஆகஸ்ட் 9இல் பிரிந்த சிங்கப்பூர், குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைத்தளங்களை விட்டு விலகுவதாக அறிவித்தது. தளங்களில் வேலைபார்த்த, குடியுரிமை பெறாத இந்தியர்களில் பலர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறினார்கள். இலங்கையில் ஒப்பந்தம் எழுதிச் செய்ததை இங்கே ஒரு சீட்டு சத்தமில்லாமல் செய்தது. கணக்கில் மட்டும் பார்த்தால் இவர்கள் தாமே ஊர் திரும்பியவர்களாகத்தான் தெரிவார்கள்.